யாழினியின் தவளை

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் வெயில். துணி எதுவும் காயவில்லை.

யாழினியை மாலை பஸ்ஸில் விழுப்புரம் கொண்டுபோய் விட்டு வந்தேன். ஒன்றுவிட்டு ஒரு சனி, ஞாயிறு மட்டும் எனக்கு. மற்ற நாளெல்லாம் அவள் அம்மாவிடம். சுதாவும் நானும் பிரிந்தபோது செய்துகொண்ட ஏற்பாடு.

இரண்டு நாளும் டிவியில் அந்த வீடியோ கேம்தான். பெற்றவர்களும் பிள்ளைகளும் ஜோடியாக ஆடுவதற்கென்றே செய்தது. அவள் தவளை, நான் நண்டு. தவளை எட்டிக் குதிக்கும். முள் மேலும் சேற்றிலும் நண்டுதான் தவளையைச் சுமக்க வேண்டும். ஒருத்தர் மட்டும் முன்னால் ஓடிவிட முடியாது, இன்னொருத்தர் வந்து சேரும்வரை திரை நகராது. தீவு தீவாகத் தாண்டி, கடைசித் தீவில் ஒரு கலங்கரை விளக்கம்.

"அப்பா, குதிக்காத! நான் சொன்னப்புறம் குதி."

"இப்ப சொன்னியே?"

"அது உன்னச் சொல்லல. எனக்கு நானே சொல்லிக்கினேன்."

பத்து வயசு. எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கூட இவ்வளவு திட்டியதில்லை.

மித்ரா சோபா ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கவிதாவின் பெண், ஆறு வயது. கவிதாவை நான் கட்டிக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. மித்ராவுக்கு நான் 'அங்கிள்'. அவள் கண்ட்ரோலரைக் கேட்கவில்லை, யாழினியும் கொடுக்கவில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கலங்கரை விளக்கத்தின் வாசல் வரை போய்விட்டோம். கதவைத் திறக்கத் தவளையும் நண்டும் ஒரே சமயத்தில் இழுக்க வேண்டுமாம். அதற்குள் பஸ்ஸுக்கு நேரம்.

பஸ்ஸில் அவித்த மல்லாட்டை. கடலைத் தோலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

"நான் இல்லாம தொறக்க மாட்டல்ல?"

"மாட்டேன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்டா கண்ணு."

நாளை: மிக்ஸி ரிப்பேர். கவிதாவுக்கு இருமல் மருந்து.

நவம்பர் 13, வியாழன்

விடாத மழை. பள்ளி விடுமுறை. எங்கள் சர்வீஸ் சென்டரிலும் தண்ணீர் புகுந்துவிட்டது, வண்டி ஒன்றும் வரவில்லை, மதியமே வீட்டுக்கு. கவிதாவுக்குத் துணிக்கடையில் லீவ் இல்லை. வீட்டில் நானும் மித்ராவும்.

தயிர் சாதம். ஊறுகாய் கேட்டாள், கொடுத்தேன். அப்புறம் டிவி முன்னால் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல்,

"அங்கிள், ஒரே ஒரு வாட்டி?"

புதிதாக ஒரு ஆட்டம் ஆரம்பித்திருக்கலாம். அதற்கு அந்த கேமில் இடம் இருக்கிறது. முதல் தீவில் ஒன்றும் நடக்காது, குழந்தைக்கு போரடிக்கும் என்று நினைத்தேன். இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை. எங்கள் ஆட்டத்தையே திறந்துவிட்டேன். சும்மா கடற்கரையில் நடக்கவிட்டு நிறுத்திவிடலாம் என்று.

அவள் தவளையை எடுத்துக்கொண்டாள். பட்டன் எதையும் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாள் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறாள்.

வாசலுக்கு வந்துவிட்டோம். நிறுத்துகிறேன் என்று வாயெடுத்தேன். தவளை பாசியில் வழுக்கிக் கீழே போனது. மித்ரா எழுந்து நின்று கத்தினாள்:

"அப்பா, புடி! புடிப்பா!"

பிடித்தேன்.

அதற்கு முன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. தான் கூப்பிட்டது அவளுக்கே தெரிந்ததோ என்னவோ. "இழு, இழு" என்றாள், இழுத்தேன். கதவு திறந்துவிட்டது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

திரையில் பாட்டு ஓடி முடிந்து 'வாழ்த்துகள்' என்று வந்தபிறகுதான் யாழினி ஞாபகம்.

அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கிறேன். அதுதான் உறுத்துகிறது.

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டது. கொசு.

காலையில் மித்ராவைப் பள்ளியில் இறக்கிவிடும்போது சொன்னேன்:

"நேத்து நாம ஆடுனத யாழினி அக்காகிட்ட சொல்ல வேணாம்டா."

"ஏன்?"

"அக்கா அழுவா."

"தப்பு பண்ணோமா?"

"நீ பண்ணல."

தலையாட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். வழக்கமாக கேட்டில் திரும்பி டாட்டா காட்டுவாள். இன்று இல்லை.

ஆறு வயசுப் பிள்ளையை வாயை மூடச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய் கார்புரேட்டர் கழுவினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். வாங்கியது: தேங்காய் எண்ணெய், பூண்டு, பேட்டரி.

கதவு திறந்ததைத் திரும்ப மூட வழி இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் சின்னப் பையன்களிடம் கேட்டுப் பார்த்தேன், யாருக்கு என்று சொல்லாமல். "அதுவா சேவ் ஆயிக்கினே இருக்கும்ணா. பின்னால போவ முடியாது. புதுசா ஆடி அதே எடத்துல கொண்டாந்து நிறுத்துங்க."

அதையே செய்கிறேன். காலையில் எல்லாரும் எழுவதற்கு முன், சத்தத்தை அணைத்துவிட்டு. இடது கையில் தவளை, வலது கையில் நண்டு. ஒரு ஆள் ஆடுவதற்கு அந்த கேம் ஒத்துழைக்கவே மாட்டேன் என்கிறது. நண்டைக் கரையேற்றினால் தவளை தண்ணீரில். கை நோகிறது.

பழைய ஆட்டத்தை அழித்துவிட்டேன். அதற்கு யாழினி வைத்த பெயர் 'யாழப்பா'. அவள் பெயரையும் என்னையும் ஒட்டி. அழிக்கட்டுமா என்று இரண்டு தரம் கேட்டது. புதியதற்கும் அதே பெயரை வைத்தேன்.

நவம்பர் 20, வியாழன்

மேகமூட்டம். கடைசித் தீவுக்கு வந்தாயிற்று.

கவிதா பல் துலக்க எழுந்து வந்தவள் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்.

"இன்னா பண்றீங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும். மித்ரா கூப்பிட்டதையும்.

பிரஷ்ஷோடு சோபாவில் உட்கார்ந்தாள். பிறகு, "அவ ஒங்கள அப்பான்னு கூப்ட்டத எங்கிட்டகூட சொல்லல. சொல்லாதன்னு நீங்க சொன்னதுல, எத சொல்லக்கூடாதுன்னு அவளுக்குத் தெரியல போல. எல்லாத்தையும் முழுங்கிக்கினு இருக்கா."

"யாழினி தாங்க மாட்டா கவிதா."

"சொல்லிடுங்க. அவளா கண்டுபுடிச்சா இன்னும் பேஜாரு."

சனிக்கிழமை பஸ்ஸில் சொல்லிவிடுகிறேன் என்றேன். மித்ரா இப்போது என்னை அங்கிள் என்றும் கூப்பிடுவதில்லை. எதுவும் சொல்லாமல் வந்து பக்கத்தில் நின்று, நான் பார்க்கும்வரை காத்திருக்கிறாள்.

நவம்பர் 22, சனி

சொல்லவில்லை.

முண்டியம்பாக்கத்தில் சொல்லலாம் என்றிருந்தேன், ஆஸ்பத்திரிக் கூட்டம் ஏறிவிட்டது. விக்கிரவாண்டியில் அவள் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டேரிப்பட்டு தாண்டினதும் "இன்னிக்கு கதவு தொறக்கப்போறோம், ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே வரல" என்றாள். அதற்குமேல் எப்படி?

செருப்பைக் கழற்றியதும் டிவி முன்னால். 'யாழப்பா' என்ற பெயரைப் பார்த்துச் சிரித்தாள். திறந்தாள். கடைசித் தீவு, வாசல், தவளை, நண்டு. எல்லாம் வைத்த இடத்தில்.

ஆட ஆரம்பிக்கவில்லை.

"தொப்பி எங்க?"

"எந்த தொப்பி?"

"தவளைக்கு. எறகு வெச்ச தொப்பி. மூணாவது தீவுல, நண்டுக்குப் பக்கத்துலயே இருந்த குகைக்குள்ள போயி எடுத்தனே. நீ அப்போ டீ போடப் போயிருந்த."

எனக்குத் தெரியாது. தவளை எப்போதும் தொப்பியோடுதான் இருந்திருக்கிறது, நான் என் நண்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இது நம்ம கேம் இல்ல."

"கேம்ல ஏதாவது கோளாறா இருக்கும்டா." இதைச் சொன்னது நான்தான். அப்போதும்.

கதவோரம் நின்ற மித்ரா அழ ஆரம்பித்துவிட்டாள். "நாந்தான் அக்கா. மழை பேஞ்ச அன்னிக்கு. நானும் அப்பாவும் தொறந்துட்டோம். சொல்ல வேணாம்னாரு."

யாழினி அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண்ட்ரோலரைக் கீழே வைத்தாள். கேமைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஒன்ன அப்பான்னா கூப்புடுறா?"

நான் குனிந்து கண்ட்ரோலரை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"நான் வூட்டுக்குப் போறேன்."

கவிதா போட்ட வடை ஆறிக்கொண்டிருந்தது. ஒரு தட்டில் எடுத்து வந்து யாழினி பக்கத்தில் உட்கார்ந்தாள், அவள் தோளைத் தொடவில்லை. "சாப்புட்டுப் போம்மா" என்றாள். "வேணாம் ஆன்ட்டி. தேங்க்ஸ்." மரியாதை குறையவில்லை. அது இன்னும் மோசம்.

வந்த வழியே பஸ். ஜன்னல் பக்கமே முகம். மன்னிச்சுடு என்றேன், இரண்டு மூன்று தரம். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

கதவைத் திறந்த சுதா, "இன்னாச்சு? நாளைக்கித்தான வரணும்?"

"வயித்து வலிம்மா" என்று சொல்லிவிட்டு யாழினி உள்ளே போய்விட்டாள்.

எனக்காகச் சொன்ன பொய். நான் வாசலில் நின்று அதையும் வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 24, திங்கள்

ஒரு ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றாமல் மாற்றியதாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். திரும்பக் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தோம். முதலாளி ஒரு பார்வை பார்த்தார்.

யாழினி போனை எடுக்கவில்லை.

மாலை மித்ராவை மடியில் உட்காரவைத்துச் சொன்னேன்: சொல்லாதே என்று நான் சொன்னது தப்பு. நீ அழுதது என்னால்தான். "அக்கா இனிமே வரமாட்டாளா?" தெரியவில்லை என்றேன். இந்த முறை உண்மையைச் சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

நவம்பர் 27, வியாழன்

பனி. பைக் ஸ்டார்ட் ஆகவில்லை.

சுதாவுக்கு நானே போன் செய்தேன்.

"ஒரு கேமுக்கா இப்படி முகத்தத் தூக்கி வெச்சிக்கினு இருக்கா? கேமுன்னு மட்டும் சொன்னா, அதுக்குமேல வாயத் தொறக்க மாட்டேங்குறா."

"கேம் இல்ல சுதா."

சொன்னேன். நான் பேசும்போது குறுக்கே பேசுகிற வழக்கம் அவளுக்கு. இன்று பேசவில்லை.

"அந்தப் புள்ள அப்பான்னு கூப்புடுறதுல தப்பு இல்லீங்க. கூப்புட ஆள் வேணும் இல்ல அதுக்கு?" என்றாள். "ஆனா இவ ஒங்க போட்டாவ புக்குக்குள்ள வெச்சிக்கினு ஸ்கூலுக்குப் போறா. அது ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது.

"வயித்து வலின்னு மாத்திரை வேற குடுத்தேன். முழுங்கினா."

போனை வைத்துவிட்டாள்.

யாழினிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். பலமுறை பேசி அழித்து, கடைசியில்: "நான் ப்ராமிஸ மீறிட்டேன். அத மறைக்க உன் ஆட்டத்த அழிச்சிட்டேன். மித்ராவையும் பொய் சொல்ல வெச்சேன். நீ கேட்டதுக்கு பதில், ஆமா, அவ என்ன அப்பான்னு கூப்ட்டா. எனக்குப் புடிச்சிருந்துச்சு. அதுக்காக நீ கூப்புடுறது கொறஞ்சுடாது." கடைசி வரியைச் சொல்லியிருக்க வேண்டாமோ.

கேட்டுவிட்டாள் என்று நீல டிக் வந்தது.

டிசம்பர் 6, சனி

நல்ல வெயில். போர்வையெல்லாம் மாடியில்.

வரமாட்டாள் என்றே நினைத்திருந்தேன். காலையில் சுதா: "வர்றேங்குறா. ஆனா ஒங்ககிட்ட பேச மாட்டாளாம். சும்மா நோண்டாதீங்க, கூட்டிக்கினு மட்டும் போங்க."

பஸ்ஸில் பேசவில்லை. நானும் நோண்டவில்லை. மல்லாட்டை வாங்கி நடுவில் வைத்தேன். எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் மித்ரா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யாழினி கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளே போய்க் கதவைத் தட்டினாள்.

"ஏய். வெளில வா. ஆடலாம்."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கவிதா வெங்காயத்தை என் கையில் கொடுத்து, அங்கேயே நில்லுங்கள் என்று கண்ணால் சொன்னாள்.

புதிதாக ஆரம்பிக்கும் பாட்டு கேட்டது. முதல் தீவிலிருந்து.

"நீ எது?" யாழினி.

"தவளை." மித்ராவின் குரல் முனகலாகத்தான் வந்தது.

நான் வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்திவிட்டேன். தவளை யாழினியுடையது. யாழினி மாட்டேன் என்றுதான் சொல்வாள், சொல்லட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, வெச்சிக்கோ. நான் நண்டு."

அப்புறம் ஒரே சத்தம். "குதிக்காத! நான் சொன்னப்புறம் குதி!" "நீ சொன்னக்கா!" "ஐயோ, முள்ளு, முள்ளு!" நண்டை அவள் இதுவரை எடுத்ததே இல்லை. தடுமாறுவது இங்கேயே கேட்டது. தவளை இரண்டு தரம் விழுந்தது. மித்ரா சிரித்தாள், யாழினி சிரிக்கவில்லை.

பிறகு திடீரென்று கூடத்திலிருந்து, என் பக்கம் திரும்பாத குரலில்:

"அப்பா. நண்டு தவளையத் தூக்குறது எந்த பட்டன்?"

கத்தியைக் கீழே வைத்தேன்.

"வட்ட பட்டன்டா. அமுத்திப் புடிச்சிக்கினே நடக்கணும். கைய எடுத்தா அவ வுழுந்துடுவா."

"அது தெரியும்" என்றாள். "எந்த பட்டன்னுதான் கேட்டேன்."