நான்கிலிருந்து மூன்றுக்கு

பதிவு 1. 2071 மே 4, 06:20
உப்பளச் சோதனை ஓடுதளம், தூத்துக்குடிக்கு வடக்கே.

வண்டி: சுறா. பந்தய வகை, இரண்டு இருக்கை, எட்டு கியர். தானே கியர் மாற்றும்; ஓட்டுபவரைப் பார்த்து மாற்றக் கற்றுக்கொள்ளும். டயர் சரி. எஞ்சின் சரி. கியர் எண்ணெயில் கருகல் வாடை.

இந்த வண்டியை அடுத்து எடுக்கப்போகிறவருக்காக எழுதுகிறேன். நான் ரோமால்ட், கியர் ட்யூனிங் பொறியாளர். ஓட்டியவள் என் அக்கா அமலி. எல்லா வண்டியும் தானாக ஓடும் காலத்தில் எங்களுக்கு எதற்குச் சம்பளம்? ரோபோவுக்குக் கழுத்து வலிக்காது. கியர் விழும்போது உதறுகிறதா என்று சொல்ல ஒரு முதுகெலும்பு வேண்டும். அக்கா ஓட்டுவாள். நான் இடப்பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போடுவேன். பயணி தூங்கிப்போனால் பத்து. அது இந்தத் தொழிலின் வழக்கம். நான் ஏழுக்கு மேல் போட்டதே இல்லை.

போன மாதம் கிழக்கு நேர்பாதையில் அக்காவுக்கு மாரடைப்பு. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் போயிருக்கிறாள். நான் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். முகத்தில் வெயில் அடித்து விழித்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஏசிக் காற்றில் அவள் கை சில்லிட்டிருந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

நேர்பாதை வேகத்திலிருந்து நிற்பதற்குள் வண்டி ஒவ்வொரு கியராக இறங்கியிருக்கிறது. பந்தய வண்டி. உதறாமல் இருக்காது. எனக்கு ஏன் விழிப்பு வரவில்லை? அது தெரிய வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

ஆபீஸ் உத்தரவு: வெள்ளிக்கிழமைக்குள் எண்ணெயை மாற்று, கியர்பெட்டி கற்றதை அழி, புது ஓட்டுநரிடம் கொடு. எண்ணெய் மாற்றினால் அழித்தே ஆக வேண்டும். பழைய எண்ணெயில் கற்றது புதியதில் செல்லாது.

பதிவு 2. மே 4, 17:40

தனியாக ஓட்டினேன்.

கியர்பெட்டி ஓட்டுபவரைக் கற்பதைப் பலர் மாயம் என்று நினைக்கிறார்கள். மாயம் ஒன்றுமில்லை. கால் எவ்வளவு வெடுக்கென்று அமுக்குகிறது, பிரேக்கை எவ்வளவு தாமதமாகத் தொடுகிறது, வளைவில் எவ்வளவு துணிகிறது, இருக்கைகளில் எவ்வளவு எடை. இவ்வளவுதான் அது பார்ப்பது. பார்த்துவிட்டு, எப்போது கியர் மாற்றுவது, கிளட்ச் தட்டுகளை எவ்வளவு வேகமாகக் கவ்வ வைப்பது என்று முடிவு செய்யும். வேகமாகக் கவ்வினால் உதறும். மெதுவாகக் கவ்வினால் உதறாது. ஆனால் தட்டுகள் உரசிச் சூடேறும், எண்ணெய் கருகும்.

அக்காவுடையது முரட்டு ஓட்டம். அதைத்தான் படித்திருக்கிறது. வளைவுக்கு முன்பே கீழ்க் கியருக்குப் பாய்கிறது, அவளே பக்கத்தில் இருந்து அவசரப்படுத்துவது மாதிரி. நான்கிலிருந்து மூன்று: முதுகில் ஓர் உதை. மதிப்பெண் மூன்று.

இந்த உதைக்கு எழாதவன் மனிதனா?

திரையில் முதலில் ‘ஓட்டுநர்: அமலி’ என்று இருந்தது. சில சுற்றுகள் கழித்து ‘அமலி?’ என்று ஒரு கேள்விக்குறி. நான் ஓட்ட ஓட்ட என்னைக் கற்கிறது, அவளை மறக்கிறது. உடனே நிறுத்தினேன். இனி நான் தொடமாட்டேன். அவளுடைய பழைய கால் அசைவுகளை ரோபோவைக் கொண்டு திரும்ப ஓட்டுவேன்.

மார்ச் மாத ரேடியோப் பதிவு வண்டியில் இருக்கிறது. நானும் அவளும்:

“என்னல, மறுபடியும் ஆறா?”
“உதறிச்சுக்கா.”
“ஏழுக்கு மேல போட்டா ஒன் சொத்து கரைஞ்சிருமோ? இரு, ஒருநா ஒன்னையத் தூங்க வச்சிக் காட்டுதேன்.”
“நீ ஓட்டுத ஓட்டுக்குப் பொணங்கூட எந்திரிச்சு உக்காந்துரும்.”
“வாய மூடிட்டு மார்க்கப் போடுல.”

மூன்று தடவை கேட்டேன். போதும்.

பதிவு 3. மே 5, 11:05

எடைச் சோதனை. மணல் மூட்டையை என் எடைக்குக் கட்டி இடப்பக்க இருக்கையில் வைத்து பெல்ட் போட்டேன். டேஷ்போர்டில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய டம்ளர். ரோபோவை விட்டு அதே பாதையில் ஓட்டினேன். நான் வெளியே நின்று கேமராவில் பார்த்தேன்.

இது வேறு வண்டி.

நான்கிலிருந்து மூன்று: தண்ணீர் அசையவில்லை. மூன்றிலிருந்து இரண்டு: அசையவில்லை. ஏதோ பழுது என்று நினைத்து மூட்டையை இறக்கினேன். உதை திரும்பி வந்தது, டம்ளர் கவிழ்ந்தது. ஏற்றினேன். உதை போய்விட்டது.

அந்த எடை ஏறினால் மட்டும் கிளட்ச் மூன்று மடங்கு நேரம் எடுத்து, பூப்போலக் கவ்வுகிறது. அந்த மார்ச் பேச்சுக்குப் பிறகு நான் உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் அக்கா பூப்போல ஓட்டியிருக்கிறாள். தனியாக இருக்கும்போது முரடு. நான் இருந்தால் மெது. வண்டி இரண்டையும் தனித்தனியாகக் கற்றிருக்கிறது. எண்ணெய் ஏன் கருகியது என்பதும் தெரிந்துவிட்டது.

நான் அதற்கும் ஆறு போட்டிருக்கிறேன்.

பதிவு 4. மே 6, 16:30

அழிக்கும் முன், அவள் கற்பித்த எண்களை நகலெடுத்து இதே மாதிரி இன்னொரு வண்டியில் ஏற்றினேன். குலுங்கியது, வழுக்கியது, நின்றது. ஏற்றுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்த எண்கள் சுறாவின் தட்டுகளின் தேய்மானத்துக்கு மட்டும்தான். வேறெங்கும் அவை வெறும் எண்.

எண்ணெய் இன்னும் இரண்டு மூன்று ஓட்டம் தாங்கும். அவ்வளவுதான்.

ஓடுதளக் கோபுரத்தில் ரேடியோ பார்க்கும் கஸ்பார் அண்ணன் தாமாகக் கூப்பிட்டார். அப்படியே எழுதுகிறேன்.

“ரோமு, கேக்குதா? ஒண்ணு சொல்லணும்ல. அன்னைக்கு அமலி என்னையக் கூப்ட்டா.”
“எப்போ?”
“நிப்பாட்டுததுக்கு முன்ன. ‘அண்ணே, நெஞ்சு கரிக்கி, ராத்திரி தின்ன பரோட்டா வேலையக் காட்டுது. ஓரமா நிப்பாட்டுதேன். ரேடியோவ அலற விடாதீங்க, பய இப்பதான் அசந்தான்’னா. நானும் சரிம்மான்னு சத்தத்தக் கொறச்சிட்டேன்.”
“ஏன்ணே இத்தன நாளா சொல்லல?”
“எந்த மூஞ்சிய வச்சிட்டுச் சொல்லச் சொல்லுத?”

அவர் அழுதார். நான் ரேடியோவை அணைத்தேன். நல்லவன் செய்யும் காரியம் இல்லை. செய்தேன்.

பதிவு 5. மே 7, 07:15

மூட்டையை இறக்கிவிட்டு இடப்பக்கம் நான் உட்கார்ந்தேன். வலப்பக்கம் ரோபோ. அவளுடைய கடைசி ஓட்டம், அதே கால், அதே பிரேக். கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏழு. ஆறு. ஐந்து. எஞ்சின் சத்தம் மாறுவதை வைத்துத்தான் எண்ணினேன். உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. நான்கிலிருந்து மூன்று எங்கே நடந்தது என்று எனக்கு இப்போதும் தெரியாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இப்படி நிறுத்தியிருக்கிறாள். தொட்டிலை நிறுத்துகிற மாதிரி.

கண்ணைத் திறந்தபோது வண்டி நின்றிருந்தது. அதே இடம். அதே வெயில்.

மதிப்பெண் பத்து. அட்டையில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வாங்கத்தான் ஆள் இல்லை.

எண்ணெய்ச் சூடு சிவப்பில். புகை. கிளட்ச் வழுக்குகிறது. இனி ஒரு ஓட்டம் போனால் தட்டுகள் தீயும், கியர்பெட்டியே போகும். அப்படியும் அவள் மிஞ்சமாட்டாள். எந்தப் பக்கம் போனாலும் இல்லை.

பதிவு 6. மே 8, வெள்ளி, 09:50

எண்ணெய் மாற்றினேன். கறுப்பாக வடிந்தது. ‘கற்றதை அழிக்கவா?’ என்று கேட்டது. ஆம். ‘உறுதியா?’ என்று மறுபடி கேட்டது. இதை எழுதின முட்டாள் யார்? ஆம்.

ஓட்டுநர்: யாரும் இல்லை.

அடுத்து எடுக்கப்போகிறவருக்கு: வண்டி சரியாக இருக்கிறது. உங்கள் பக்கத்தில் யாராவது தூங்கினால்

அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு 7. மே 8, 10:30

ஒரே ஒரு ஓட்டம். இடப்பக்கம் நான். அவளுடைய கடைசிக் கால் அசைவு, புது எண்ணெய், ஒன்றும் கற்காத பெட்டி. கண்ணை மூடிக்கொண்டு.

ஏழிலிருந்து ஆறு: உதறல்.
ஆறிலிருந்து ஐந்து: உதறல். டம்ளர் உருண்டது.
நான்கிலிருந்து மூன்று: தலை முன்னால் போய் இடித்தது. எந்தத் தூக்கமும் தாங்காது. எவனும் எழுந்துவிடுவான். எழுந்து, பக்கத்தில் பார்த்து, அவளைத் தூக்கிக்கொண்டு

மதிப்பெண் இரண்டு.

இந்த இரண்டு போதும் அக்கா. இது போதுமாயிருந்தது. எழுப்பியிருக்கலாம். ஒரு தடவை

முழிச்சிட்டேன்க்கா.

முழிச்சிட்டேன்.