கோழிகளைப் பழக்கியவள் வருகிறாள்

எல் குவாமோ, 1978 மார்ச் 9

என் செல்ல மகள் யொலிமாவுக்கு,

சிகின்கிரா மாதா புண்ணியத்தில் இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே மழையைச் சொல்கிறது. நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் மருமகன் இவானும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, உன் அம்மா கையில் வருகிறது. முதலில் அவளை உட்காரவை, செருப்பைக் கழற்றச் சொல், சூடாக வெல்லத் தண்ணீர் கொடு. எல்லை தாண்டிக் காரகாஸ்வரை இரண்டு நாள் பஸ்ஸில் வந்தவள் எர்மிண்டா, கேட்டால் களைப்பே இல்லை என்பாள், நம்பாதே. அதன் பிறகு இதை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ப் படி. அவளுக்குப் படிக்கத் தெரியாதே ஒழிய முகத்தைப் படிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இந்தப் பத்தியை விட்டுவிட்டு முதல் பாதியை அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன், சிரித்தாள். பின் பாதியைக் காட்டவில்லை, நீயும் காட்டாதே.

பிரசவத்துக்கு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று நவம்பரில் எழுதினாயே, அன்றைக்கே உன் அம்மா விரல் மடக்க ஆரம்பித்துவிட்டாள். நாற்பது நாள் பத்தியம், நாளுக்கு ஒரு நாட்டுக்கோழி. வீட்டில் இருந்ததோ பதினொன்று. நீ பிறந்தபோதும் இப்படித்தான், கையில் இருந்தவை போக மீதிக்கு நான் வீடு வீடாகப் போய் நின்றேன். குளிர் ஏறக்கூடாது என்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அவள் கட்டிலில் இருப்பாள், நான் அடுப்படியில் கோழிச் சாறு காய்ச்சுவேன், உப்பு கூடினாலும் குறைந்தாலும் அவள் முகத்தில் தெரியும், வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். நீ தொட்டிலில் கிடந்து கத்துவாய். என் வாழ்க்கையில் அந்த நாற்பது நாளைப் போல நான் பெரிய மனிதனாக இருந்ததே இல்லை, மகளே. பிறகு நாலு வயதில் நீ கோழிகளுக்கு ஊர்க்காரர்கள் பெயரை வைத்தாய், பாதிரியார் பெயரில் ஒன்று இருந்தது, அது குழம்பில் விழுந்த அன்று நீ சாப்பிடாமல் பகல் முழுக்க குவாமோ மரக்கிளையில் உட்கார்ந்திருந்தாய். அந்தக் கிளையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செய்தி பரவியதும் ஊரில் வழக்கப்படி வீட்டுக்கு இரண்டு மூன்று என்று கோழி கொண்டுவந்தார்கள். ஒன்பது வீட்டிலிருந்து இருபது கோழிகள் வந்தன, ஒன்றுகூடக் கூண்டைக் கண்டதில்லை. பகலெல்லாம் மேய்ந்துவிட்டு அந்தியில் மரமேறித் தூங்கும் ஜாதி. நான் மூங்கில் வெட்டி, வலை வாங்கி, கொல்லையில் பெரிதாக ஓர் அடைப்பு கட்டினேன். எல்லாவற்றையும் உள்ளே விட்டுப் பூட்டினேன். மறுநாள் காலையில் பாவம் கொஞ்சம் மேயட்டும், அந்தியில் திரும்பிவிடும் என்று கதவைத் திறந்தேன், பார், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். நம் பதினொன்று மட்டும் அங்கேயே கிளறிக்கொண்டு நின்றன, மீதி இருபதும் ஆளுக்கொரு திசையில் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ஓடையைத் தாண்டிக்கூடப் போயிருக்கிறது ஒன்று. மேட்டு வீட்டுக் கஸ்டோடியா வேலிக்கு மேலிருந்து, “பெலார்மினோ, உங்க கோழிங்க காத்து வாங்க வந்திருக்குங்களா, இல்ல உங்களோட கோவிச்சுக்கிட்டுத் தாய்வீட்டுக்கு வந்திருக்குங்களா?” என்று ஊர் கேட்கக் கத்தினாள். அன்று முழுக்க மனிதர்கள் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தபடியே இருந்தார்கள், வந்தவர்களுக்கெல்லாம் உன் அம்மா காபி போட்டாள், என்னை மட்டும் பார்க்கவே இல்லை.

பிறகு கஸ்டோடியா அவளுடைய வழியைச் சொன்னாள். வீடு மாறிய கோழியை எசமானியின் பழைய பாவாடைத் துணியால் அடுப்புக் காலில் மூன்று நாள் கட்டிப்போட வேண்டுமாம், புகையும் மனித வாடையும் பழகிவிட்டால் எங்கும் போகாதாம். ஒரு கோழிக்குச் சரி. உன் அம்மா இருபதையும் கட்டினாள். அடுப்படியில் கால் வைக்க இடமில்லை, கட்டிய துணியெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சட்டியைக் கவிழ்த்து, மாவில் ஏறி, நான் இரண்டு நாள் சோள ரொட்டியை வாசலில் நின்று தின்றேன். மூன்றாம் நாள் அவளே எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, “கட்டிப்போட்டா நிக்கும், பழகாது. நீங்க தள்ளுங்க, நான் பாத்துக்கிறேன்” என்றாள்.

பார்த்துக்கொண்டாள். முதலில் குவாமோ மரத்தில் நம் கோழிகள் தூங்கும் அந்தத் தாழ்ந்த கிளையை வெட்டி அடைப்புக்குள் குறுக்கே கட்டச் சொன்னாள், ஆமாம், நீ கோபித்துக்கொண்டு உட்கார்ந்த கிளையேதான், வெட்டும்போது எனக்குக் கை வரவில்லை. ஒரு மூலையில் சாம்பலும் மண்ணும் கலந்து புரள இடம் செய்தாள். கொத்து வாங்குகிற கோழி ஒளிந்துகொள்ளப் பலகை சாய்த்து வைத்தாள். முட்டைக்கோசை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டாள், எம்பி எம்பிக் கொத்தினால் சண்டைக்கு நேரமிருக்காது என்று. கதவைப் பதினைந்து நாள் திறக்கவில்லை. தினமும் அதே நேரம், அதே தகர டப்பாவைத் தட்டி, அதே குரலில் கூப்பிட்டுச் சோளம் போட்டாள். தின்னாமல் நின்றவற்றைத் துரத்தவில்லை, கெஞ்சவும் இல்லை, முக்காலி போட்டு நடுவில் உட்கார்ந்து பட்டாணி உரித்தாள். அதன் பிறகும் ஊரார் கொண்டுவந்த கோழிகளை இருட்டியதும் தூக்கிக்கொண்டுபோய் மற்றவற்றுக்கு நடுவே கிளையில் உட்கார வைத்தாள், விடிந்து பார்த்தால் எப்போதும் அங்கேயே இருந்ததுபோல் இறங்கி வந்தன. ஜனவரியில் முட்டையிட ஆரம்பித்தன. பிப்ரவரியில் முப்பத்தெட்டு சேர்ந்திருந்தது.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. இரத்த அழுத்தம், படுக்கையை விட்டு எழக்கூடாது, பஸ் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று. நான் வாசித்து முடித்தேன். அவள் எழுந்துபோய் அடைப்பின் கதவை முழுக்கத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள், யாருக்காக இனிமேல், அவரவர் வீட்டுக்குப் போகட்டும் என்று நினைத்திருப்பாள். ஒன்றிரண்டு வாசல்வரை வந்து தலையை நீட்டிப் பார்த்தன. ஓடை தாண்டிப் போனதே, அது ஒரு காலை வெளியே வைத்துக்கூடப் பார்த்தது. பிறகு எல்லாம் உள்ளேயே கிளறப் போய்விட்டன. நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “இதுங்களே பழகிடுச்சுங்க. நான் பழகமாட்டேனா? காரகாசுக்கு டிக்கெட் எடுங்க” என்றாள்.

இனிமேல்தான் அவளுக்கு நான் வாசிக்காத பகுதி. எனக்குப் பயமாக இருக்கிறது, யொலிமா. உனக்கு நினைவிருக்கும், துன்ஹாவில் அவள் தங்கை வீட்டுக்கு ஒரு வாரம் இருக்கப் போனவள் மறுநாளே பால் லாரியில் ஏறித் திரும்பிவிட்டாள், சுவர் நெருக்குகிறது என்றாள். துன்ஹாவுக்கு அப்பால் அவள் ஓரிடமும் போனதில்லை. நீ இருப்பதோ எட்டாவது மாடி. அவள் பாதியில் ஓடிவந்துவிட்டால் உன்னை யார் பார்ப்பார்கள், எழக்கூடாத பெண்ணை? அதனால் சொல்வதைக் கேள். முதல் நாட்களில் ஊரைக் காட்டுகிறேன் என்று இவான் அவளை அங்கும் இங்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். அவளுக்கென்று ஒரு மூலை கொடு, தேவைப்பட்டால் ஒளிந்துகொள்ள. தனி அறையில் படுக்க வைக்காதே, உன் பக்கத்திலேயே போடு. இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள், கெஞ்சாதே, எதிரே உட்கார்ந்து நீ சாப்பிடு. அடுப்படியை முழுசாக அவளிடம் விட்டுவிடு, கை சும்மா இருந்தால் கால் வாசலைத் தேடும். பையில் அந்தத் தகர டப்பா இருக்கும், எதற்கு என்று கேட்டுச் சிரிக்காதே. கூடையில் இரண்டு கோழி வேறு கொண்டுவருவதாக அடம் பிடித்தாள், எல்லையில் பிடுங்கிவிடுவார்கள் என்று சொல்லித் தடுத்தேன். அங்கே சந்தையில் வெள்ளைக் கோழிதான் கிடைக்குமாமே, இவானிடம் சொல்லி எங்காவது நாட்டுக்கோழி தேடச் சொல், சாறு பிடிக்காவிட்டால் அவளுக்கு வாழ்க்கையே பிடிக்காது.

இனி இங்கே நானும் முப்பத்தெட்டுக் கோழிகளும். அவள் குரலில் கூப்பிட முயற்சி செய்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வேறொரு டப்பாவைத் தட்டினால் வருகின்றன. கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அவள் இல்லாத வீட்டில் நான் தூங்கிய ராத்திரி அந்தத் துன்ஹா ராத்திரி ஒன்றுதான், அதுவும் தூங்கவில்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறுவாள்.

பிள்ளை சுகமாகப் பிறக்கட்டும். மாதா உன்னையும் இவானையும் காக்கட்டும், தாத்தாவின் ஆசீர்வாதம் என்று சொல்லிப் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போடு. காதில் பஞ்சு வைக்க மறக்காதே. நாற்பது நாள் முடிந்து, நாற்பத்தொன்றாம் நாள் கதவைத் திறந்து ஊருக்குப் போகலாம் அம்மா என்று சொல். அவள் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டால் துரத்தாதே, எனக்கு ஒரே ஒரு வரி எழுது. கோழிகளைக் கஸ்டோடியாவிடம் விட்டுவிட்டு நான் பஸ் ஏறுவேன். என்னைப் பழக்கப் பதினைந்து நாளெல்லாம் ஆகாது, இருட்டியதும் கொண்டுபோய் அவள் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும்.

உன் அப்பா,
பெலார்மினோ