தெரிந்தே போட்ட கையெழுத்து

வில்லாபுரம், மதுரை
ஞாயிறு காலை

அன்பு மகள் அஸ்வினிக்கு அப்பா எழுதுவது.

அம்மாவின் முப்பதாம் நாள் காரியம் குறையில்லாமல் முடிந்தது. அயர்லாந்தில் குளிர் கூடிவிட்டது என்று உன் அண்ணன் ராம்கி சொன்னான். ஸ்வெட்டர் போடாமல் வேலைக்குப் போகாதே. நானும் அவனியாபுரம் பட்டறைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். லேத் ஓடும் சத்தத்தில் மனசு கொஞ்சம் அடங்குகிறது.

போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். "அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, என்ன ஏதுன்னு சொல்லாம கையெழுத்து வாங்கிட்டாக" என்று ராம்கி உன்னிடம் சொன்னானாம். அதை நம்பி நீ நர்ஸ் மீனா மேல் புகார் அனுப்பியிருக்கிறாய். அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்களாம்.

ராம்கி சொன்னது உண்மையில்லை தாயி. நான் தெரிந்தேதான் போட்டேன்.

அம்மாவைக் கூட்டிப்போக ஆஸ்பத்திரியில் நீட்டிய தாளில் 'அகெய்ன்ஸ்ட்' என்ற வார்த்தை மேல் விரல் வைத்து மீனா சொன்னாள்: "எதிரான்னு அர்த்தம்ணே. டாக்டர் பேச்சுக்கு எதிரா நீங்களா கூட்டிட்டுப் போறீங்கன்னு எழுதியிருக்கு. மூச்சுக்கு மெஷின் வச்சா பத்து நாள் தாங்கலாம். வீட்டுக்குப் போனா மூணு நாள்தான். மக வர்றதுக்குள்ள..." உன் டிக்கெட்டுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

"அஸ்வினி வர்ற வரைக்கும் பொறுத்துக்க ஜோதி" என்று உன் அம்மாவிடம் கெஞ்சினேன். "இம்புட்டு நாள் பொறுத்தேன்ல? வாயில குழாயோட அவ என்னையப் பாக்க வேணாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அவள் பேச்சைக் கேட்டால் உனக்கு எதிர். உனக்காக அங்கேயே வைத்திருந்தால் அவளுக்கு எதிர். ஒரு மணி நேரம் வராந்தாவில் நின்றேன். பிறகு போட்டேன்.

ஆட்டோவில்தான் வருவேன் என்றாள். காளவாசல் சிக்னலில் என் தோளில் சாய்ந்தவள் வீடு வரும்வரை நிமிரவில்லை. அந்த வார்த்தையைப் பற்றிப் பக்கத்து வீட்டு ஹாலாஸ்யம் வாத்தியாரிடம் நேற்றுக் கேட்டேன். கிரிக்கெட்டில் இரண்டு நாடு மோதுவதற்கும் அதுதானாம், நோய் வராமல் ஊசி போடுவதற்கும் அதுதானாம். சுவரிலோ தோளிலோ சாய்வதற்கும் அதே வார்த்தைதான் என்றார். காபியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் இரண்டு வாய் பருத்திப்பால் குடித்தாள். கட்டிலை ஜன்னல் பக்கம் போடச் சொன்னாள். விமானம் தாழ்ந்து போகும்போதெல்லாம் "அதுலயா வாரா?" என்று கேட்டாள். இரண்டு நாள் இல்லை என்றேன். மூன்றாம் நாள் மத்தியானம் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சிரித்தாள். சாயங்காலம் போய்விட்டாள்.

மீனா மேல் ஒரு குற்றமும் இல்லை. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள். கோபம் முழுவதும் என்மேலேயே இருக்கட்டும். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். என்னோடு பேசக்கூட வேண்டாம். நான் போன் அடித்தால் எடுத்துக் காதில் மட்டும் வை. நீ அந்தப் பக்கம் இருப்பது தெரிந்தால் போதும்.

வேளைக்குச் சாப்பிடு. நீ நல்லா இருக்கணும் தாயி.

உன் அப்பா
முத்துக்கருப்பன்