ஜன்னலில் இரண்டாவது தேவதை

அன்னாபெர்க் அருகே, நம் வீடு
திருவருகைக் கால முதல் ஞாயிறு

அன்புள்ள மகள் உல்ரிக்கேவுக்கு,

உன் அப்பா எழுதுவது. ஆம், நானேதான், என் கையால். எழுத்துகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகக் கோட்டை விட்டு இறங்கி ஓடுவதைப் பொறுத்துக்கொள். நாற்பத்தைந்து வருடம் காட்டில் மரம் வெட்டிய கைக்குப் பேனா பிடிபடவில்லை. அழுத்தினால் தாள் கிழிகிறது, அழுத்தாவிட்டால் மை இறங்கவில்லை. இந்தக் கடிதத்தை ஆரம்பித்துப் பதினைந்து நாள் ஆகிறது. நான்கு தாள்களை அடுப்பில் போட்டேன். இது ஐந்தாவது. எவ்வளவு அடித்தல் திருத்தல் இருந்தாலும் இதையே அனுப்பிவிடுவேன். நாள் நெருங்கிவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் தெரியும், என் பெயரைக் கிறுக்கத் தெரியும், அவ்வளவுதான். சிறு வயதில் நெஞ்சு நோயில் இரண்டு வருடம் படுத்துக் கிடந்தேன். திரும்பிப் போனபோது வகுப்பு எங்கேயோ போயிருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொன்னேன். "படிக்கிறதை நான் பாத்துக்கிறேன், நீங்க மரத்தை வெட்டுங்க" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. உன் பிறந்தநாள் அட்டைகளின் அடியில் 'அப்பா' என்று இருக்குமே, அதுவும் அவள் எழுதியதுதான். நீ பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையை நீட்டும்போதெல்லாம் என் கண்ணாடி காணாமல் போகும். அப்பாவின் கண்ணாடிக்குக் கால் முளைத்திருக்கிறது என்று நீ கேலி செய்வாய்.

இனி கல்லறைத் தோட்டத்தில் நடந்ததற்கு வருகிறேன். உன் அம்மா ரோஸ்விதாவை அடக்கம் செய்த அன்று நீ ஒரு தாளை என் கையில் வைத்தாய். அம்மாவைப் பற்றி நீ எழுதிய நான்கு வரிகள். நான் படித்தால்தான் அவளுக்குச் சேரும் என்றாய். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. நான் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். நீ மறுபடியும் நீட்டினாய். நான் உன் கையைத் தட்டிவிட்டேன். "நாப்பத்தி மூணு வருசம் உங்களோட வாழ்ந்தவங்களுக்கு நாலு வரி படிக்க மனசு வரலையாப்பா?" என்று கேட்டாய். நீ உரக்கக்கூடப் பேசவில்லை. அன்று சாயங்காலப் பேருந்தில் போய்விட்டாய். அந்தத் தாள் புல்லில் கிடந்தது. எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறு வருடம் நவம்பரில் உன் கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்தேன். ஒரு ஆறும் ஒரு நான்கும் மட்டும் தெரிந்தன. மற்றதெல்லாம் பனியில் குருவி நடந்த தடம். பக்கத்து வீட்டு லோதரிடம் படிக்கச் சொல்லியிருக்கலாம். அதற்கு அறுபது வருடமாக மறைத்ததை அவனிடம் சொல்ல வேண்டும். அதைவிட, உள்ளே இருப்பது வசவுதான் என்று நினைத்தேன். நீ என்னை வைவதை அவன் வாயால் கேட்க எனக்குத் தெம்பில்லை. ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அது அங்கேயே நாலு வருடம் இருந்தது.

அதற்கு நடுவில் ஒருநாள் மருந்தை மாற்றி விழுங்கி, சமையலறையில் விழுந்து கிடந்தேன். பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறேன். கட்டுப் போட வந்த நர்ஸ் பெண் இரண்டு டப்பாக்களை என் முன்னால் வைத்து, எது காலையில் போடுவது என்று கேட்டாள். கண்ணாடி இல்லை என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது. அவள் சிரிக்கவில்லை. பெரியவர்களுக்கான வகுப்பின் முகவரியைத் தானே தொலைபேசியில் விசாரித்து, அடுத்த செவ்வாய்க்கிழமை என்னை அன்னாபெர்க்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டாள்.

உல்ரிக்கே, எழுபத்து நாலு வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று தெரியவில்லை. கடுகுப் புட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கிறேன். பேருந்து நிறுத்தத்தின் பெயர்களை உரக்கப் படித்து, ஓட்டுநரிடம் திட்டு வாங்கினேன். "பெருசு, நிறுத்தத்தைச் சொல்றது என் வேலை. அதையும் நீங்களே பண்ணிட்டா நான் இறங்கிப் போயிடவா?" என்றான்.

இந்த வருடம் செப்டம்பரில் ரொட்டி டப்பாவை நகர்த்தினேன். உன் கடிதத்தைப் படித்து முடிக்க எனக்கு மூன்று பிற்பகல்கள் ஆயின. ஒரு வசவும் இல்லை. உனக்குப் பெண் பிறந்து மூன்று மாதம் ஆகிறது, ரோஸா என்று பெயர் வைத்திருக்கிறாய், அம்மாவின் பெயரில் பாதி. அந்த வருடம் டிசம்பர் ஆறாம் தேதி சனிக்கிழமை நாலு மணிக்கு, டிரெஸ்டன் கிறிஸ்துமஸ் சந்தையில், சுழல்கிற மரக் கோபுரத்தின் அடியில் குழந்தையோடு நிற்பதாக எழுதியிருந்தாய். கடைசி வரியை மட்டும் நான் பல தடவை படித்தேன், தப்பாகப் படித்திருப்பேனோ என்று. "நீங்க வரலைன்னா அதையே பதிலா எடுத்துக்குவேன்ப்பா. இனிமே எழுதித் தொந்தரவு பண்ண மாட்டேன்."

மூன்று மாதக் கைக்குழந்தையோடு அந்தக் குளிரில் எவ்வளவு நேரம் நின்றாய்? யாரிடம் போய் இதைக் கேட்பேன்.

அக்டோபரில் எங்கள் ஆசிரியை திருமதி விங்க்லர் ஒரு பயிற்சி கொடுத்தார். ஆளுக்கொரு நகரம், கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க இரண்டு நாள் பயணத்துக்குத் திட்டம் போட வேண்டும், ரயில் அட்டவணையிலிருந்து தங்கும் விடுதி வரை எல்லாம் நாமே படித்து, நாமே எழுதி. மற்ற ஐந்து பேரும் நியூரம்பெர்க் என்றார்கள். நான் டிரெஸ்டன் என்றேன். எல்லாரும் கற்பனையாக எழுதினார்கள். நான் மட்டும் நிஜமாகவே விடுதிக்குக் கடிதம் போட்டுவிட்டேன்.

ஆகவே திட்டம் இதுதான். வருகிற சனிக்கிழமை காலைப் பேருந்தில் அன்னாபெர்க், அங்கிருந்து ரயில், ஃப்ளோஹாவில் மாற வேண்டும். மாறுவதற்குப் பதினொரு நிமிடம். என் காலுக்குப் போதும். விடுதி ஆற்றுக்கு அக்கரையில், மூன்றாவது மாடி, காலை உணவு பத்து மணி வரை. எத்தனை பேர் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். ஒருவர் என்று எழுதினேன். பிறகு பக்கத்தில், காலை உணவுக்கு ஒருவேளை மூன்று பேர் என்றும் எழுதினேன். விடுதிக்கார அம்மாள் ஒன்றும் கேட்காமல் சரி என்று பதில் போட்டிருக்கிறார்.

நேற்று பொம்மைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஜன்னலில் வைத்தேன். பையனுக்கு ஒரு சுரங்கத் தொழிலாளி, பெண்ணுக்கு ஒரு தேவதை என்று ஊரே கிறிஸ்துமஸுக்கு ஜன்னலில் வைக்கும்; நம் வீட்டில் சுரங்கத் தொழிலாளி பொம்மை நின்றதே இல்லை, பையன் பிறக்காத வீடு. உனக்காக ஒரு தேவதை மட்டும் நாற்பது வருடம் நின்றது. கோபத்தில் இருந்த வருடங்களிலும் அதை நான் பெட்டியிலேயே விட்டுவிடவில்லை, இதை நீ நம்ப வேண்டும். இந்த வருடம் பக்கத்தில் இன்னொன்று வைத்தேன், சற்றுக் குட்டையானது. இரண்டுக்கும் மெழுகுவத்தி ஏற்றி அரைமணி ஆகியிருக்காது, லோதர் வேலியில் வந்து நின்றான். "என்ன எர்ஹார்ட், இந்த வயசுல பொண்ணு பொறந்திருக்கா? ஒரு வார்த்தை சொல்லலியேப்பா" என்றான். "பொறந்து நாலு வருசம் ஆச்சு. எனக்கே இப்பதான் தெரியும்" என்றேன். பிறகு, ஏன் இப்போதுதான் தெரிந்தது என்பதையும் அவனிடம் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். போகும்போது, சனிக்கிழமை பேருந்து நிறுத்தம் வரை என் பெட்டியைத் தான் தூக்குவதாகச் சொன்னான்.

இன்று காலை ஆராதனை முடிந்ததும் அம்மாவிடம் போனேன். கோட்டுப் பையிலிருந்த தாளை எடுத்தேன். மடிப்பில் ஒரு வார்த்தை அழிந்திருந்தது. என்ன வார்த்தை என்று ஊகித்துக்கொண்டேன். நான்கு வரியையும் நின்று, உரக்க, முழுதாகப் படித்தேன். ஐந்து வருடம் தாமதம். அவள் காத்திருந்து பழகியவள். மூன்றாவது வரியில், அவளுடைய கைகளைப் பற்றி நீ எழுதியிருக்கும் இடத்தில், கொஞ்சம் நிறுத்த வேண்டியிருந்தது. அது எழுத்து தெரியாததால் அல்ல.

உறையின் பின்னால் இருந்த பழைய முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன். நீ அங்கேயே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். சனிக்கிழமை நாலு மணிக்குக் கோபுரத்தின் அடியில் நிற்பேன், பச்சைக் கோட்டு. ரோஸாவுக்குப் பெரிய எழுத்துப் படக்கதை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். படிக்கும்போது விரல் வைத்துத்தான் படிப்பேன். தாத்தாவை அவசரப்படுத்தக் கூடாது என்று அவளிடம் சொல்லி வை.

நீ வராமல் போனால் அதை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஞாயிறும் அதே நேரத்தில் அங்கே நிற்பேன். திங்கட்கிழமை ஊருக்கு வந்து, இதே மேஜையில் உட்கார்ந்து, அடுத்த வாரமும் உனக்கு எழுதுவேன். இப்போதுதான் எனக்கு எழுதத் தெரியுமே.

கடவுள் உங்கள் இருவரையும் குளிர் படாமல் காக்கட்டும்.

உன் அப்பா
எர்ஹார்ட்

(இந்த 'அப்பா' நான் எழுதியது.)