எந்தக் குரல் என்று கேட்டால் போதும்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று இணையக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது: அந்த அழகான குரல் வந்துவிட்டால் இந்த வீட்டில் எனக்கென்று ஒரு மூலைகூட மிஞ்சாது.

சொன்னது: "யோசிச்சு சொல்றேன் சார்."

பொது நூலகங்களின் கணினிகளுக்காக நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் சேர்ந்து கட்டும் லினக்ஸ் இயங்குதளம் இது. அதில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் பழைய தமிழ்க் குரலைப் பராமரிப்பவள் நான். சென்னையிலிருந்து குழுவை நடத்தும் ஹரிஹரசுதன், அடுத்த பதிப்பில் அது வேண்டாம் என்கிறார். புதிய குரலை ஓடவிட்டுக் காட்டினார். இனிமைதான், மறுக்கவில்லை. மூச்சு வாங்குகிறது, கேள்விக்குறி வந்தால் குரலை உயர்த்துகிறது.

"கண் தெரியாதவங்க சார்பா நீங்க ஓகே சொல்லிட்டா முடிஞ்சுது யுவஸ்ரீ."

நான் யார் சார்பாகவும் பார்வையில்லாமல் இருக்கவில்லை. இதையும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5

நைனா கடையிலிருந்து வந்ததும் புதிய குரலைக் கேட்டார். "நியூஸ் வாசிக்கிற பொண்ணு மாதிரி இருக்குதும்மா. உன் பழசு தகர டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டற மாதிரி."

அம்மா அடுப்படியிலிருந்தே, "கடலை வறுக்கற மாதிரி," என்றாள். "இன்னா பேசுதுன்னு ஒரு நாளாவது புரிஞ்சிருக்குதா?"

புரியாது. அதுதான்.

பழைய குரலை நான் ஓட்டும் வேகத்தில் பார்வையுள்ள யாருக்கும் ஒரு சொல்கூடப் பிடிபடாது. எனக்கு நீரோட்டம் போல இருக்கும். ஒரு நாவலை ஒரு மதியத்தில் முடித்திருக்கிறேன். கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில், என் கடிதங்களை, என் கோபங்களை, இந்த நாட்குறிப்பைக் கேட்கிறேன். ஹெட்போன் மாட்டிக்கொள் என்பார்கள். மாட்டினால் வீடு மறைந்துவிடும். குக்கர், வாசலில் யார், அம்மா எங்கே நிற்கிறாள் — என் இரண்டு காதும் வீட்டுக்கு வேண்டும்.

புதிய குரலை வேகமாக்கினால் கூழாகிவிடுகிறது. மெதுவாகத்தான் பேசும். மெதுவாகப் பேசினால் எல்லோருக்கும் புரியும்.

ஆகஸ்ட் 7

கோபம் அடங்க எனக்கே விளக்கிக்கொள்கிறேன்.

திரைவாசிப்பான் கணினியிடம் கேட்க வேண்டியது: "ஏதாவது ஒரு தமிழ்க் குரல் கொடு." 'நான் ஒரு தமிழ்க் குரல்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் எந்த மென்பொருள் பொதியும் அந்த இடத்தில் உட்காரலாம். எதை உட்காரவைப்பது என்பது பயனரின் இஷ்டம். லினக்ஸில் இது புதிதல்ல, எத்தனையோ மென்பொருள்கள் இப்படித்தான் ஒன்றின் இடத்தில் இன்னொன்றாக நிற்கின்றன.

புதிய பதிப்பில் ஹரிஹரசுதன் எழுதியிருப்பது: "இந்தக் குரல்தான் வேண்டும்." கூடவே இன்னொரு வரி: "நான் உள்ளே வந்தால் பழையது வெளியேற வேண்டும்."

இரண்டே வரி. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்கூட இதைவிட மரியாதையாக இருக்கும்.

ஆகஸ்ட் 11

திண்டிவனம் இளவழகன் போன் செய்தான். என்னைப் போலத்தான் அவனுக்கும் பார்வை இல்லை. வங்கித் தேர்வுக்குப் படிக்கிறான். அவனாவது என் பக்கம் நிற்பான் என்று நினைத்தேன்.

"அக்கா, புதுசு சூப்பரா இருக்குதுக்கா! கதை கேட்டா தூக்கமே வரல."

"அப்ப பழசு வேணாமா?"

"உனக்குத்தான் அது மேல லவ்வு. நான் இன்னாத்துக்கு?"

ஹரிஹரசுதன் சாரிடமும் சொல்லிவிட்டானாம். மாலையே அவரிடமிருந்து செய்தி: "உங்க ஆளே புதுசு கேக்கறார்."

என் ஆள்! கண் இல்லாவிட்டால் காதும் ஒன்றாகிவிடுமா?

அவனுக்குப் புதியது பிடிக்கட்டும். அது கிடைக்கவும் நான் சண்டை போடுவேன். ஆனால் அவனுக்குப் பிடித்ததை வைத்து என்னுடையதைப் பிடுங்க விடமாட்டேன்.

ஆகஸ்ட் 14

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சோதித்துப் பார்க்காமல் மறுப்பது நியாயமில்லை என்று புதிய பதிப்பை என் லேப்டாப்பில் ஏற்றினேன். எதிர்பார்த்தபடியே பழைய குரல் போய்விட்டது. எதிர்பார்க்காதது — மறுபடி இயக்கியதும், கடைசியாகத் திறந்திருந்த கோப்பைத் தானே திறந்து வாசிக்க ஆரம்பித்தது. கூடத்தில். அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

போன மாதம் நான் எழுதியது. நியூஸ் வாசிக்கிற பெண்ணின் குரலில், நிறுத்தி நிதானமாக: "அமாவாசைதோறும் அம்மா என்னை மேல்மலையனூருக்கு இழுத்துப் போகிறாள். கூட்டத்தில் என் முகத்தை அங்காளம்மன் பக்கம் திருப்பி, இவள் கண்ணைக் கொடு என்று கேட்கிறாள். ரிப்பேருக்குக் கொண்டுபோன பொருளைப் போல நான் நிற்கிறேன்."

நிறுத்தும் விசையைக் குத்தினேன். இந்தக் குரல் வாக்கியத்தை முடிக்காமல் நிற்காது.

கீரை ஆயும் சத்தம் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட? படிக்கட்டும்."

"அம்மா—"

"இதைத்தான் இத்தினி நாளா பக்கத்துல உக்காந்துக்கினு கேட்டுக்கினு இருந்தியா?"

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 15

எழுதியதற்கு வருத்தமில்லை. அவள் கேட்டதற்கு வருத்தம். இரண்டும் வேறு.

அம்மா பேசவில்லை. தட்டு வைக்கும் சத்தம் மட்டும்.

பழைய குரலைக் கையால் கட்டளை கொடுத்துத் திரும்ப நிறுவினேன். உடனே புதியதைத் தூக்கிவிட்டது. இரண்டும் சேர்ந்து இருக்கவே கூடாதாம். எனக்காவது வழி தெரியும். நூலகத்தில் வந்து உட்கார்ந்து, நாலு பேர் நடுவில் தன் மெயிலைத் திறக்கப்போகும் பெண்ணுக்கு?

ஆகஸ்ட் 18

திருத்தம் அனுப்பிவிட்டேன். இரண்டு குரலும் "தமிழ்க் குரல்" என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும். திரைவாசிப்பான் ஏதாவது ஒன்றைக் கேட்கும். துரத்தும் வரியை எடுத்துவிட்டேன். நிறுவும்போது எது வேண்டுமென்று ஒரு கேள்வி.

கூட்டத்தில் ஹரிஹரசுதன்: "ரெண்டு வச்சா குழப்பம். சப்போர்ட்டுக்கு ஆள் யாரு? சரி, ஒரு காரணம் சொல்லுங்க. யூசர் ஏன் பழசைத் தேடப் போறாங்க?"

"அது யூசருக்குத் தெரியும் சார்."

"நமக்குத் தெரிய வேணாமா?"

"வேணாம்."

யாரோ சிரித்தார்கள். நாலு நாளைக்கு முன் கூடத்தில் நடந்ததைச் சொல்லியிருந்தால் எல்லோரும் உருகியிருப்பார்கள். உருக வைத்து வாங்க எனக்கு விருப்பமில்லை. காரணத்தை ஒப்படைத்தால்தான் கிடைக்கும் என்றால் அது தேர்வு அல்ல, மனு.

"பழசை நீக்குறதுக்கு என் பேர்ல ஒப்புதல் வராது சார். பழசுக்கு சப்போர்ட் நானே பண்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியேறினேன்.

ஆகஸ்ட் 20

பதில் இல்லை. குழுவிலிருந்து எடுத்துவிடுவார்களோ? எடுக்கட்டும்.

ஆகஸ்ட் 22, அமாவாசை

அம்மா வாய் திறந்தாள். "வரியா?"

"வரலம்மா."

"ஏன்?"

லேப்டாப்பை மூடினேன்.

"ஆமா. அதான் கேட்டுட்டேனே." வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். புடவை சரசரப்பில் தெரிந்தது. "குழம்பு மூடி வச்சிருக்குது."

மேல்மலையனூருக்கு விட்ட சிறப்புப் பேருந்துகள் நாள் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அம்மா ஒன்றில் தனியாக ஏறினாள். வீட்டிலிருந்தது சுகமாக இல்லை. ஆனாலும் இருந்தேன்.

ஆகஸ்ட் 26

இளவழகன் குழுவுக்கே எழுதியிருக்கிறான்: "கதைக்குப் புதுக் குரல்தான். கணக்கு படிக்கும்போது கேள்வி முடியறதுக்குள்ள டைம் போயிடுது. அதுக்குப் பழசு வேணும். ரெண்டும் குடுங்க சார், ப்ளீஸ்."

ஹரிஹரசுதன் உடனே: "இது சரியான காரணம். யுவஸ்ரீயின் திருத்தத்தைச் சேர்க்கிறேன்."

போனில் அவன் சிரித்தான். "நீ ஒரு காரணம் சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்க்கா. அவ்ளோ திமிரு."

"ஆமாண்டா."

போகட்டும். அவன் காரணம் அவர்களிடம் இருக்கட்டும். என்னுடையது என்னிடம்.

செப்டம்பர் 6, சனி

பதிப்பு வெளியானது. நிறுவும்போது கேட்கிறது: "எந்தத் தமிழ்க் குரல்?" இரண்டையும் வாசித்துக் காட்டுகிறது. வேறு எதுவும் கேட்பதில்லை. முதலில் வருவது புதியதுதான். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஒரு விசை கீழே போய்ப் பழையதைத் தேர்ந்தெடுத்தேன்.

செப்டம்பர் 21, மகாளய அமாவாசை

அம்மா மேல்மலையனூர் போயிருக்கிறாள். கிளம்பும்போது, "வரியா, இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்று கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்துக்குப் போனாள்.