லாரிமர் அம்மாளுக்கு இன்னொரு கடிதம்

திங்கள்கிழமை, 10 அக்டோபர் 1983

மகன் ஃபெர்கஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், உருளைக்கிழங்கு தோண்டியாயிற்று, காற்றில் கூரை ஓடு இரண்டு போனது, அதையும் மாற்றியாயிற்று. நீ சௌக்கியமா என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கப் போவதில்லை. ஏன் என்று கடைசிவரை படித்தால் தெரியும். பாதியில் மடித்து வைத்துவிட்டு, அம்மாவுக்குக் கோபம் என்று மருமகளிடம் சொல்லிச் சிரிக்காதே. உட்கார்ந்து படி.

நீ ஆகஸ்டில் வந்துவிட்டுக் கனடா திரும்பியதும் எங்கள் கோல்ஃப் கிளப் பெண்கள் அணிக் கேப்டன் லாரிமர் அம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதினாயே, அதை அவள் என்ன செய்தாள் தெரியுமா? செப்டம்பர் மாத ஆட்டம் முடிந்து பதினோரு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தோம், கிளப் அறையில், ஜன்னல் ஓர மேசையில். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தாள். "என் தாயாரின் முதுகு இனி போட்டி ஆட்டத்தைத் தாங்காது, அவர் மனம் நோகாமல் அணியிலிருந்து விலக்கிவிடும்படி வேண்டுகிறேன்." மனம் நோகாமல்! என் கையில் பாதி ரொட்டி இருந்தது, அதை விழுங்க முடியவில்லை. "என்ன எஃபி, பையன் எவ்வளவு அக்கறையா எழுதியிருக்கான் பாத்தியா, கொடுத்து வச்சவ நீ" என்றாள். பிட்காரன் ஊருக்கு எதிராக வருஷாவருஷம் நடக்கும் ஆட்டத்தில் முப்பத்தொரு வருஷமாக ஆடுகிறேன், உன் தங்கை வயிற்றில் இருந்தபோதுகூட ஆடினேன். அந்த இடத்தை ஒரு டீ ஆறுவதற்குள் பறித்துவிட்டாள். பறித்தது அவள், பறிக்கக் கொடுத்தது நீ.

என் முதுகு எப்படிப் போனது என்று அந்தக் கடிதத்தில் எழுதினாயா? எழுதவில்லை. ஆகஸ்டில் நீ வந்து இறங்கிய மறுநாள் நான் அடிப்பதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதெல்லாம் பழைய வீச்சு, நான் சொல்ற மாதிரி அடி, பந்து முப்பது கஜம் கூடப் போகும்" என்றாய். இடது குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது, இடுப்பு அசையக் கூடாது, தோள் மட்டும் முழுக்கத் திரும்ப வேண்டும் என்றாய். கனடாவில் இருபது வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை அறுபத்தொன்பது வயதுக்காரிக்குச் சொன்னாய். பெரிய ஊரில் கோல்ஃப் வாத்தியாராக இருக்கிற மகன் சொல்கிறானே என்று நானும் மூன்று நாள் அப்படியே அடித்தேன். நாலாம் நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. நாலு நாள் உன் அப்பாதான் எனக்குக் காலுறை மாட்டிவிட்டார். "கல்யாணமாகி நாப்பத்தெட்டு வருஷம் கழிச்சு என்னை உன் காலைப் புடிக்க வச்சுட்டானே உன் மகன்" என்று முட்டிபோட்டு உட்கார்ந்து சிரித்தார். நீ வாசலில் நின்று பார்த்தாய். நான்தான் காரணம் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை, அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று சொல்ல மட்டும் வந்தது. ஒன்பது வயதில் நீ அழுதாய் என்று என் மட்டை ஒன்றின் கைப்பிடியை ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கி உனக்குக் கொடுத்தேன், 1946 மார்ச் மாதம், என்னிடம் இருந்ததே ஐந்து மட்டை. கடற்கரை மணலில் நிறுத்தி உனக்கு முதல் வீச்சு சொல்லிக் கொடுத்தது யார்?

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் நான் தனியாகக் கடற்கரைக்குப் போனேன். பதினைந்து வயதில் யார்மத் துறைமுகத்தில் ஹெரிங் மீன் குடல் எடுக்கப் போனவள் நான், ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் தொட்டி முன்னால் நின்றிருக்கிறேன். காலை ஊன்றிக்கொண்டு இடுப்பை மட்டும் திருகித் திருகி மீனை எறிந்தவர்களெல்லாம் மூன்றாம் வாரம் படுத்துவிட்டார்கள். பாதத்தையும் சேர்த்துத் திருப்பியவர்கள் கடைசிவரை நின்றோம். அது ஞாபகம் வந்தது. கால்களை நெருக்கி வைத்தேன், வலது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினேன், மட்டை பின்னால் போகும்போது இடது குதிகால் தானாக எழும்பட்டும் என்று விட்டேன், கை விலா எலும்பு உயரத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். அடித்த வேகத்தில் வலது கால் ஒரு அடி முன்னால் வந்து நிற்கும், அதையும் பிடித்து வைக்கவில்லை. பந்து உயரப் போகவில்லை, தாழப் போய் விழுந்து ஓடியது. நம்முடைய ஊர்க் காற்றில் உயரப் போய் என்ன ஆகப் போகிறது? தூரம் குறைந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. நீளமான இரும்பு மட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டு, அந்த இடத்துக்குச் மரத்தலை வைத்த சின்ன மட்டையை எடுத்துக்கொண்டேன். மூன்று வாரம் தினமும் நாற்பது பந்து. முதுகு ஒரு வார்த்தை பேசவில்லை.

என்னோடு யார்மத்தில் பீப்பாயில் மீன் அடுக்கினாளே கிரிஸ்ஸி, ஆட்டத்திலும் என் ஜோடி, அவள் வந்து பார்த்தாள். நேராக லாரிமர் அம்மாளிடம் போனாள். "எஃபி இல்லேன்னா நானும் இல்ல, உங்க வீட்டு வேலைக்காரியக் கூட்டிட்டுப் போய் ஆடிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒரு ஜோடி குறைந்தால் ஆட்டமே இல்லை, வேறு வழியில்லாமல் என்னைச் சேர்த்தாள்.

முந்தாநாள் சனிக்கிழமைதான் ஆட்டம். இருவருக்கு ஒரே பந்து, மாறி மாறி அடிப்பது, உனக்குத் தெரியும். பதினேழு குழி முடிந்தபோது சமமாக இருந்தோம். கடைசிக் குழியில் முதல் அடி என்னுடையது. அங்கே குறுக்கே ஓடும் ஓடையைத் தாண்ட நூற்று முப்பது கஜம் வேண்டும். கிளப் ஜன்னலெல்லாம் முகம். பின்னாலிருந்து லாரிமர் அம்மாள், "தாண்டிடுவியா எஃபி?" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. எனக்கு வந்த கோபத்தில் கை பெரிய வீச்சுக்குத்தான் போனது ஃபெர்கஸ், நீ சொன்ன அதே வீச்சுக்கு. எப்படி நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. குதிகாலைத் தூக்கிச் சின்னதாக அடித்து, ஓடைக்கு இந்தப் பக்கமே பந்தை நிறுத்தினேன். யாரோ சிரித்தார்கள். யார் என்று தெரியும், மறக்க மாட்டேன். பிட்காரன் ஊர்ப் பெண் ஒருத்தி, கொடிக்கம்பம் மாதிரி உயரம், ஓடையைத் தாண்டி அடித்தாள், நாலு அடியில் முடித்தார்கள். கிரிஸ்ஸி இரண்டாவது அடியில் தாண்டினாள், மூன்றாவதை நான் உருட்டிக் குழிக்கு ஒரு கை தூரத்தில் கொண்டுபோய் வைத்தேன். கிரிஸ்ஸி அதைத் தட்டினால் சமம். தட்டினாள், குழி விளிம்பைச் சுற்றி வெளியே வந்துவிட்டது. ஒரு கை தூரம்! அவளை நான் மன்னிக்கப் போவதில்லை, அவளுக்கும் அது தெரியும், நாளை மீன் வாங்க இருவரும் சேர்ந்துதான் போகிறோம்.

தோற்றது கிரிஸ்ஸி கையில். ஆனால் லாரிமர் அம்மாள் என்ன சொன்னாள்? "ஓடையைத் தாண்டியிருந்தா ஜெயிச்சிருப்போம். அடுத்த வருஷம் எஃபிக்கு ஓய்வு குடுத்துடலாம், மகனே எழுதிக் கேட்டுருக்கார்ல." உன் கடிதம் இன்னும் அவள் கைப்பையில் இருக்கிறது, எடுத்துக் காட்டினாள்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலில் உட்கார்ந்து, பதினெட்டுக் குழி ஆடிய உடம்போடு, என் காலுறை இரண்டையும் நானே குனிந்து மாட்டினேன். உன் அப்பா முட்டிபோடத் தயாராக வந்து நின்றார், "எனக்கு வேலை போச்சா?" என்று கேட்டுவிட்டுக் கஞ்சி காய்ச்சப் போனார். இதை நீ லாரிமர் அம்மாளுக்கு எழுத வேண்டும். ஆகஸ்டில் என் முதுகைக் கெடுத்தது நீ சொல்லிக்கொடுத்த வீச்சு என்றும், இப்போதைய வீச்சை நானே கண்டுபிடித்தேன் என்றும், முன்னால் எழுதியது தவறு என்றும் உன் கையெழுத்தில் எழுத வேண்டும். நவம்பர் மாத ஆட்டத்துக்கு முன் வந்து சேர வேண்டும். அதே மேசையில், அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதே பதினோரு பேர் முன்னால் அவள் அதை வாசிக்க வேண்டும். நான் அன்றைக்கு ரொட்டியை முழுதாகத் தின்பேன்.

பேத்தி கிர்ஸ்டிக்கு ஊதாக் கம்பளியில் தொப்பி பின்னி வைத்திருக்கிறேன், தனியாக அனுப்புகிறேன், அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவளும் மருமகளும் நோய்நொடியில்லாமல் இருக்க ஆண்டவர் காக்கட்டும், உன்னையும்தான். உனக்கு நாற்பத்தாறு ஆகிறது, இங்கே வந்திருந்தபோது காரிலிருந்து இறங்கும்போதெல்லாம் நீ இடுப்பில் கை வைத்ததைப் பார்த்தேன். அது என்னிடமிருந்து வந்த இடுப்பு. குதிகாலைத் தூக்கி அடி.

லாரிமர் அம்மாள் வாசித்து முடித்த அன்றைக்கே நீ சௌக்கியமா என்று கேட்டு எழுதுவேன்.

உன் அம்மா,
எஃபி