குறை சொல்ல ஒன்றுமில்லை

பர்னி, டாஸ்மேனியா
1 மார்ச் 2026

அன்புள்ள வால்மாய்,

நானும் உன் அக்காள் க்வெண்டாவும் சௌக்கியம். குறை சொல்ல ஒன்றுமில்லை. பெர்த்தில் வெயில் எப்படி? உன் முழங்கால் வலி தேவலையா?

தக்காளி இந்த வருடம் நன்றாகக் காய்த்தது. என்னால் குனிந்து பறிக்க முடியாததால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார்.

நவம்பரில் அரசாங்கம் வீட்டுப் பராமரிப்பு விதிகளை மாற்றியது உனக்குத் தெரியும். க்வெண்டாவின் கால் புண்ணுக்கு நர்ஸ் வந்து கட்டுப் போட்டால் இலவசம். அதே காலைக் குளிப்பாட்ட ஆள் வந்தால் அது வைத்தியத்தில் சேராதாம், செலவில் நாங்களும் பங்கு கட்ட வேண்டும். இந்தக் கணக்கைப் போட்ட மேதாவி ஒரு வாரம் குளிக்காமல் இருந்து பார்க்கட்டும்.

அதையாவது சமாளித்திருப்போம். டிசம்பரில், எங்களுக்கு எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிட அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வீட்டுக்கு ஆள் வந்தால் உன் அக்காள் எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? குளிப்பாட்ட வரும் பணிப்பெண் கெரியைச் சீக்கிரம் வரவழைத்துக் குளித்து, தலைவாரி, உதட்டுச்சாயம் பூசி உட்கார்ந்துவிட்டாள். கை நடுக்கம் தெரியாதபடி மடியில் ஒரு சின்னத் தலையணை. நான் டீயோடு தின்ன ஸ்கோன் பன் சுட்டு வைத்தேன். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "பரவால்லம்மா, எங்களவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனையோ பேரு" என்றாள் க்வெண்டா. நானும் ஆமாம் போட்டேன். அந்தப் பெண் அதைக் கணினியில் தட்டிக்கொண்டே இரண்டு ஸ்கோன் சாப்பிட்டாள். அவள் மேல் தப்பில்லை.

கெரி வந்து குளிப்பாட்டுவது வாரம் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. அரசாங்கம் அனுப்பிய கடிதத்தைப் பார்த்த கெரி, "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டீங்களே லின்ட்சே" என்றாள்.

மற்ற நாட்களில் நானே குளிப்பாட்டினேன். போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் ஷவருக்கடியில் விழுந்தோம். எலும்பு முறியவில்லை. குழாயை எட்ட முடியவில்லை. வெந்நீர் தீர்ந்து பச்சைத்தண்ணீர் வந்தது. நர்ஸ் வரும்வரை நாற்பது நிமிடம். "யார்கிட்டயும் சொல்லாத லின்ட்சே, என்னை முதியோர் ஹோமுக்கு அனுப்பிடுவாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே கிடந்தாள் க்வெண்டா.

நர்ஸ் எழுதிப்போட்டதால் மறுமதிப்பீடு வருகிறது. பன்னிரண்டாம் தேதி, வியாழன், இங்கே காலை பத்து மணி. பெர்த்தில் உனக்கு ஏழு. அந்தப் பெண் உள்ளே வந்ததும் எங்கள் இரண்டு பேர் வாயிலும் பழைய பேச்சுதான் வரும். வளர்ந்த விதம் அப்படி. உனக்குத்தான் வாய் உண்டு. எங்கள் கல்யாணத்தன்று என் எதிரிலேயே, "இந்த ஆள எங்கடி புடிச்ச?" என்று கேட்டவள் நீ. அந்த வாய் இன்னும் இருந்தால், பத்து மணிக்குப் போன் செய். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருப்பேன். ஸ்கோன் கிடையாது.

எனக்குப் பயமாக இருக்கிறது, வால்மாய். அவளை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடிதத்தின் முதல் வரியை நம்பாதே.

உன் அக்காள் புருஷன்,
லின்ட்சே